சென்னையிலிருந்து கொச்சிக்கு, கையில் ஸ்கெட்ச் நோட்டோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேக்கும், அங்கே நடக்கும் ஓவியக் கருத்தரங்குகளுக்கும் சென்னையிலிருந்து ரயிலில் போகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பினாலே 2012 டிசம்பர் 12-ஆம் தேதி முதன்முதலாகத் தொடங்கியது. அதிலிருந்து டிசம்பர் தொடங்கி மார்ச் வரை இந்தப் பாதையில் படம் போடுகிறவர்களின் நடமாட்டம் கூடியிருக்கிறது. ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நிலம் ஜன்னலுக்கு வெளியே வறட்டுக் காட்டிலிருந்து தென்னந்தோப்பாக மாறிக்கொண்டே வருகிறது. அதைப் பார்க்காமல் போய் இறங்கி, அரங்கத்தில் உட்கார்ந்து நிலக்காட்சி ஓவியம் பற்றிக் கேட்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

நான் ஓவியர் இல்லீங்க, பேச்சைக் கேட்கத்தான் போறேன். நானும் நோட்டு எடுத்துக்கணுமா?

எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டும் படத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பனைமரத்தை இரண்டு நிமிடம் பார்த்து நாலு கோடு போட்டுவிட்டால், அடுத்த பனையைப் பார்க்கும்போது கண் தானாகவே விசாரிக்க ஆரம்பித்துவிடும். காய்ந்த மட்டைகள் கீழே தொங்குகின்றனவா, கழித்துவிட்டார்களா? காய் இருக்கிறதா, ஆண் பனையா? தூக்கணாங்குருவிக் கூடு தொங்குகிறதா, தொங்கினால் எந்தப் பக்கம்? வரையாமல் பார்க்கிறவர்கள் இதையெல்லாம் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

கோடு கோணலாக வந்தாலும் பரவாயில்லை. பக்கத்தில் இடம், நேரம், வானம் எப்படி இருந்தது என்று மூன்று விஷயம் எழுதுங்கள். கோணல் கோடும் இந்த மூன்று குறிப்பும் சேர்ந்தால் அது நல்ல பதிவுதான்.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? கடையில ஒரு பெரிய பட்டியலே சொல்றாங்க.

ஏ5 அளவில் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று, 2பி பென்சில், தண்ணீர் பட்டால் கலையாத மை உள்ள பேனா, கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பும் வாட்டர் பிரஷ், சின்ன வாட்டர் கலர் பெட்டி, பழைய பருத்தித் துணி, இரண்டு கிளிப். அவ்வளவுதான். காகிதம் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட மெல்லியது கொச்சி ஈரத்தில் சுருண்டுவிடும்.

நிறத்தில் ஆசைப்பட வேண்டாம். அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), லெமன் மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு கரும்பச்சை போதும். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் நீலச்சாம்பலிலிருந்து மண்சாம்பல் வரை எல்லாச் சாம்பலும் கிடைக்கும். இந்தப் பாதையில் தெரியும் தூரத்து மலைகள் எல்லாம் அந்த இரண்டு நிறத்துக்குள் வந்துவிடுகின்றன.

ராத்திரி வண்டிதானே வசதி? தூங்கி எழுந்தா எர்ணாகுளம்.

வசதிதான், ஆனால் சேலமும் காவிரியும் இருட்டில் போய்விடும். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் பயணத்தை இரண்டாக வெட்டுங்கள். காலையில் சென்னையில் ஏறி மதியத்துக்குக் கோயம்புத்தூர். அன்றிரவு அங்கே தங்கி, மறுநாள் காலை வண்டியில் எர்ணாகுளம். முதல் பகுதி ஏறக்குறைய எட்டு மணி நேரம், இரண்டாவது நான்கு மணி நேரம். முழுவதும் பகல் வெளிச்சத்தில்.

ராத்திரி வண்டியைத் தவிர்க்கவே முடியாது என்றால், பாலக்காட்டை ஒட்டி விடியும் வண்டியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள். பாலக்காட்டிலிருந்து திருச்சூர் வரையிலான காலை வெளிச்சம் மட்டுமே நோட்டின் நாலைந்து பக்கத்துக்குத் தாங்கும்.

ஏசியா, சாதாரணப் பெட்டியா? எந்தப் பக்க ஜன்னல்?

கம்பி போட்ட திறந்த ஜன்னல் உள்ள உட்காரும் பெட்டிதான் என் தேர்வு. ஏசி பெட்டியின் கண்ணாடி நிறத்தை மங்கவைக்கிறது, நம் முகத்தையே பிரதிபலிக்கிறது. அதைவிட முக்கியமாக, வெளியே இருக்கும் சத்தமும் வாசனையும் உள்ளே வருவதில்லை. நெல் அறுத்த வயலின் வாசனை வந்தது என்று நோட்டில் ஒரு வரி எழுத முடிவது பெரிய விஷயம். கூட வருகிறவர்களுக்கு வயது, உடல்நிலை என்று காரணம் இருந்தால் ஏசியிலேயே போங்கள். அங்கே தூரத்து மலைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து போகும்போது இடது பக்கம். வாணியம்பாடியை ஒட்டிய மலைகள், திருப்பத்தூர் போகும் வழியில் ஏலகிரி, பொம்மிடியிலிருந்து சேலம் வரை சேர்வராயன் மலை எல்லாம் இடது கைப்பக்கம் வருகின்றன. டிசம்பரில் காலைச் சூரியனும் அந்தப் பக்கம்தான் இருக்கும், கண் கூசும். ஆனால் மலைக்குப் பின்னால் வெளிச்சம் இருப்பதால் மடிப்புகள் எல்லாம் மறைந்து ஒரே நீலத் தகடாகத் தெரியும். புதிதாக வரைகிறவர்களுக்கு அது சுலபம். கோயம்புத்தூரிலிருந்து வாளையார் வரை வலது பக்கம் நல்லது. பாலக்காடு தாண்டினால் பாரதப்புழை இடது பக்கம் கூடவே வரும், மறுபடி மாறிக்கொள்ளுங்கள்.

வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காரும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். எதிரே பார்த்து உட்கார்ந்தால் எல்லாம் பாய்ந்து வந்து மறையும். முதுகு காட்டி உட்கார்ந்தால் காட்சி மெதுவாக விலகிப் போகும், கண் அதைப் பின்தொடர முடியும்.

ஓடுற வண்டியில எப்படிங்க வரையறது? கை ஆடுது, காட்சியும் ஓடுது.

தூரத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. தண்டவாளத்தை ஒட்டிய செடி, கண் அதில் பதிவதற்குள் போய்விடும். அதை ஓடும் வண்டியில் வரைய வேண்டாம். 5 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலை அப்படி இல்லை, ஆனால் அதற்கும் நேரக்கணக்கு உண்டு. மூன்று நிமிடத்தில் நீங்கள் நாலரை கிலோமீட்டர் நகர்ந்திருப்பீர்கள். மலை நேர் எதிரே இருந்தபோது ஆரம்பித்திருந்தால், பார்க்கும் கோணம் நாற்பது டிகிரிக்கு மேல் திரும்பியிருக்கும். அதற்குப் பிறகு தெரிவது அந்த மலையின் இன்னொரு முகம்.

அதனால் முதல் ஒரு நிமிடத்தில் மேல்விளிம்பை ஒரே கோடாகப் போட்டுவிடுங்கள். அப்புறம் நிமிர்ந்து பார்க்கும்போது விளிம்பு மாறியிருந்தாலும் கோட்டைத் திருத்தாதீர்கள். நிழல், காட்டின் அடர்த்தி, பாறையின் நிறம் ஆகியவற்றை மட்டும் சேருங்கள். புது முகம் பிடித்திருந்தால் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுங்கள். ஏலகிரியை இப்படி ஒரே பக்கத்தில் மூன்று விளிம்பாகப் போட்டுப் பாருங்கள், மலையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு நல்ல புகைப்படத்தைவிடத் தெளிவாகப் புரியும்.

கை ஆடுவதற்கு: நோட்டை ஜன்னல் சட்டத்தில் சாய்க்காதீர்கள், அதிர்வு முழுவதும் அதன் வழியாகத்தான் வருகிறது. மடியில் பையை வைத்து அதன்மேல் நோட்டை வையுங்கள், முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள். தாளைப் பார்க்காமல் வெளியே மட்டும் பார்த்துக் கோடு போடும் பயிற்சி ரயிலுக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். கிட்டத்தில் இருப்பவற்றைக் காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு என்று வண்டி நிற்கும் நிமிடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடைமேடை வேப்பமரம், தண்ணீர்க் குழாயடியில் மைனா, இவை போதும்.

படியில உக்காந்து வரைஞ்சா காட்சி நல்லா தெரியுமே?

கூடாது. படிக்கட்டில் பயணம் செய்வது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். அதைவிட, வரைகிறவரின் கவனம் முழுவதும் வெளியே இருக்கும், இரண்டு கையும் நோட்டில் இருக்கும். ஒரு குலுக்கல் போதும். இதற்கு எந்த விலக்கும் இல்லை.

வழியில அப்படி என்னதான் இருக்கு? எனக்கு எல்லாம் ஒரே பொட்டல் காடாத்தான் தெரியுது.

பொட்டலிலிருந்தே ஆரம்பியுங்கள். ஜோலார்பேட்டைக்குத் தெற்கே பாறைக்குன்றுகள் வரும். மழை வழிந்த தடங்கள் பாறைமேல் கறுப்புக் கோடுகளாக இருக்கும்; அவை எல்லாம் சரிவின் திசையிலேயே ஓடுவதால், அவற்றை மட்டும் வரைந்தாலே பாறையின் வளைவு வந்துவிடும். சங்ககிரி தாண்டி ஈரோட்டுக்குள் நுழையும் முன் காவிரிப் பாலம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதனால் முன்கூட்டியே பக்கத்தில் ஒரு நீளக் கட்டம் போட்டுத் தயாராக இருங்கள். தண்ணீர் எவ்வளவு அகலம், பாறை எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதை மட்டும் குறியுங்கள். அடுத்த முறை போகும்போது அதே கட்டத்தை மறுபடி போட்டால் மேட்டூரிலிருந்து தண்ணீர் வருகிறதா இல்லையா என்பது படத்திலேயே தெரியும்.

ஈரோடு முதல் கோயம்புத்தூர் வரை தந்திக் கம்பிகளைப் பாருங்கள். கரிச்சான் நீள வாலின் பிளவோடு உட்கார்ந்திருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பாக இருக்கும், பறக்க இறக்கையை விரித்தால்தான் நீலம் வெடித்துக்கொண்டு வரும். அதை இரண்டு சின்னப் படமாகப் போடுங்கள்: உட்கார்ந்தது ஒன்று, பறந்தது ஒன்று.

இந்தப் பயணத்தின் உயிர் பாலக்காட்டுக் கணவாய்தான். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போயிருக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. அந்த இடைவெளி வழியாகத்தான் ரயில், சாலை, காற்று எல்லாம் போகின்றன. தென்மேற்குப் பருவத்தில் கோயம்புத்தூர் குளிர்ந்திருப்பது அந்தக் காற்றால். டிசம்பர், ஜனவரியில் திசை மாறி, கிழக்கிலிருந்து பாலக்காட்டுக்குள் வறண்ட காற்று பலமாக வீசும். வயல்வரப்புப் பனைகளின் ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அம்புக்குறி போட்டு வாருங்கள். சென்னையில் கிளம்பியதிலிருந்து நாம் பார்த்துவந்த பனை கேரளத்துக்குள்ளும் கூடவே வருகிறது. பாலக்காட்டுக்காரர்கள் அதைக் கரிம்பனை என்கிறார்கள். அப்புறம் மெல்ல மெல்லப் பனை குறைந்து தென்னையும் பாக்கும் ஏறுகின்றன. எந்த ஸ்டேஷனில் தென்னை பனையை முந்துகிறது என்பதை நீங்களே எண்ணிக் கண்டுபிடியுங்கள். ஸ்டேஷனுக்கு ஒரு தீப்பெட்டி அளவுக் கட்டம் போட்டு, அதில் ஒரு மரம், மண்ணின் நிறம், வானத்தின் நிறம் மட்டும் வைத்துக்கொண்டு வந்தால் எர்ணாகுளம் சேரும்போது ஒரு நிலத்தின் குறுக்குவெட்டே கையில் இருக்கும்.

பாரதப்புழை ஆனைமலைப் பக்கம் தமிழ்நாட்டில் பிறந்து 209 கிலோமீட்டர் ஓடுகிறது, கேரளத்தின் இரண்டாவது நீளமான ஆறு. ஒற்றப்பாலம் பக்கம் கோடையில் பார்த்தால் ஆற்றுக்குள் புல்லும் புதரும் வளர்ந்து நிற்கும். மணலை அள்ளிய ஆறு அது. தண்ணீரை மட்டும் தேடி வரையாமல் அந்தப் புதர்களையும் சேர்த்து வரையுங்கள். அழகாக இல்லை என்று விட்டுவிட்டால் நோட்டு பொய் சொல்லும்.

வாளையார் காட்டுல யானை தெரியுமா?

தெரியலாம், தெரியாமலும் போகலாம். அந்த இடம் யானை கடக்கும் வழி என்பது மட்டும் உறுதி. மதுக்கரைக்கும் வாளையாருக்கும் நடுவே ரயில் மோதி யானைகள் இறந்திருக்கின்றன. அதைத் தடுக்க 2024-இல் தமிழக வனத்துறை மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை நிறுவியது; யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயில்வேக்கு முன்னெச்சரிக்கை போகிறது. அங்கே வண்டி மெதுவாகப் போனால் எரிச்சல்படாதீர்கள்.

யானைக்காகக் காத்திருந்து காட்டைத் தவறவிட வேண்டாம். தேக்கின் இலை உதிர்ந்த கிளைகள், மூங்கில் புதர், தண்டவாளத்தை ஒட்டி மண் சரிந்த தடம் எல்லாம் மெதுவாகப் போகும் அந்த நிமிடங்களில் நன்றாகக் கிடைக்கும்.

பறவை ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது. எப்படி வரையறது?

ஒரே பக்கத்தில் நாலைந்து படத்தை ஒரே நேரத்தில் நடத்துங்கள். முதல் கோடு உடம்பின் சாய்வு. அடுத்தது தலை எங்கே, வால் எவ்வளவு நீளம், கால் எங்கிருந்து புறப்படுகிறது. பறவை திரும்பிவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். பறவைகள் பழைய நிலைக்குத் திரும்ப வரும். வரும்போது விட்ட படத்தைத் தொடரலாம். கொக்கும் மடையானும் ஆரம்பிக்க நல்லவை, வெகுநேரம் அசையாமல் நிற்கும்.

இறகு இறகாக வரையத் தொடங்குவது எல்லாரும் செய்வது. அதைக் கடைசிக்கு வையுங்கள், நேரம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பெயர் தெரியாத பறவையை வரைஞ்சு என்ன பிரயோஜனம்?

பெயரைப் பிறகு கண்டுபிடிக்க முடியும், ஆனால் பார்த்த அடையாளம் இருந்தால்தான். வெள்ளைக் கொக்கு என்று மட்டும் எழுதினால் எதுவும் செய்ய முடியாது. அலகு கறுப்பு, பாதம் மஞ்சள் என்று குறித்திருந்தால் அது சின்ன வெள்ளைக்கொக்கு. அலகும் மஞ்சளாக, மாட்டுக்குப் பக்கத்தில் நடந்திருந்தால் உண்ணிக்கொக்கு. கழுத்து மிக நீளமாக, நடுவில் முறிந்ததுபோல் வளைந்திருந்தால் பெரிய வெள்ளைக்கொக்கு. பருந்திலும் அப்படித்தான்: வால் பிளந்திருந்தால் கள்ளப்பருந்து, வட்டமாக இருந்தால் செம்பருந்து.

பெயரைக் கண்டுபிடிக்க மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செல்போன் செயலிகள் நல்ல துணை. ஆனால் வரைந்து முடித்த பிறகு திறங்கள். முதலிலேயே பெயர் தெரிந்துவிட்டால் கை அந்தப் பெயருக்குரிய படத்தைப் போட ஆரம்பித்துவிடும், எதிரே இருக்கும் பறவையை விட்டுவிடும்.

போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு ரூம்ல போய் வரையலாமே?

இரண்டையும் செய்யலாம், வரிசை முக்கியம். முதலில் கோடு, அப்புறம் போட்டோ. எதை விட வேண்டும் என்ற முடிவை நேரில் நீங்கள் எடுத்திருப்பீர்கள். கேமரா எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளும். அதோடு செல்போன் கேமரா தூரத்து மலையைச் சின்னதாக்கிவிடும், நிழலுக்குள் இருக்கும் நிறத்தைக் கறுப்பாக்கிவிடும். இலை எண்ணிக்கை, பூவின் இதழ் அமைப்பு போன்றவற்றைச் சரிபார்க்கப் புகைப்படம் உதவும்.

பக்கத்துல இருக்கறவங்க எட்டி எட்டிப் பாக்கறாங்க, கூச்சமா இருக்கு.

காட்டிவிடுங்கள். இந்தப் பாதையில் தினமும் போகிறவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே இருப்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்தக் குன்றின்மேல் கோயில் இருக்கிறது, இந்த ஏரி போன வருடம் நிரம்பியது, அது என்ன மரம் என்று அவர்களே சொல்ல ஆரம்பிப்பார்கள். சொன்னதை, சொன்னவரின் ஊரைப் போட்டு, படத்தின் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். குழந்தைகள் கேட்டால் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள்.

சக பயணியின் முகத்தை வரைவதானால் கேட்டுவிட்டு வரையுங்கள். தூங்குகிறவர்களை வரைய வேண்டாம்.

கருத்தரங்கு காலையில பத்து மணிக்கு ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி கொச்சியில எங்க போகலாம்?

ஃபோர்ட் கொச்சியில் தங்கியிருந்தால் விடிந்ததும் சீன வலைகளுக்குப் போங்கள். வரைகிறவருக்கு அது ஒரு வரம். வலை தண்ணீருக்குள் இறங்கும், சில நிமிடம் கிடக்கும், கயிற்றில் கட்டிய கற்களின் எடையும் ஆட்களின் இழுப்பும் சேர்ந்து மேலே எழும்பும், மறுபடி இறங்கும். அதே காட்சி திரும்பத் திரும்ப வருவதால் விட்ட கோட்டை அடுத்த சுற்றில் பிடிக்கலாம். வலை எழும்பும் நேரம் கொக்குகளுக்குத் தெரியும். அவை எங்கே நின்று காத்திருக்கின்றன என்று பாருங்கள். வானத்தில் செம்பருந்து, குளிர்காலத்தில் கடற்காகங்கள். காயல் கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஓங்கில்களும் (டால்பின்) அவ்வப்போது தலைகாட்டும். மழைக்காலம் முடிந்த மாதங்களில் காயலிலிருந்து ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாகக் கடலை நோக்கி மிதந்து வரும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி உப்புத் தண்ணீரில் தாங்காது; பச்சையாக வருவதையும் பழுப்பாகிப் போவதையும் ஒரே கரையில் பார்க்கலாம்.

எர்ணாகுளத்தில் தங்கியிருந்தால் உயர்நீதிமன்றத்துக்குப் பின்னால் மங்களவனம். மூன்று ஹெக்டேருக்கும் குறைவான அலையாத்திக் காடு, 2004-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. வக்கா என்ற இராக்கொக்கும் நீர்க்காகமும் நகரத்தின் நடுவே அங்கே அடைகின்றன. அதன் பக்கத்திலிருந்தே ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ படகு கிளம்புகிறது. வேடிக்கை பார்க்க அது வசதி; வரைவதற்கு, பக்கங்கள் திறந்திருக்கும் பழைய அரசுப் படகுதான் எனக்குப் பிடிக்கும். ஜன்னல் பற்றி முன்னே சொன்ன அதே காரணம்.

மாலையில் நேரம் கிடைத்தால் ஃபோர்ட் கொச்சியின் பெரிய தூங்குமூஞ்சி மரங்களில் ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள். நாலு மணிக்கு ஒரு முறை, ஆறரைக்கு ஒரு முறை வரையுங்கள். சிற்றிலைகள் மடிந்து மரம் வழியாக வானம் அதிகம் தெரிவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எங்க வேணும்னாலும் உக்காந்து வரையலாமா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

கரையிலும் தெருவிலும் பிரச்சினை வராது. ஆனால் கொச்சி தென்னகக் கடற்படைத் தலைமையகம் இருக்கும் ஊர். கடற்படை வளாகத்தையும் கப்பல்களையும் படம் பிடிக்கத் தடை. வரைவதையும் அதே கணக்கில் வைத்துத் தவிர்த்துவிடுங்கள். படகில் போகும்போது பறவையை வரைந்து பின்னணியை விட்டுவிட்டால் போதும்.

கொச்சியில கலர் காயவே மாட்டேங்குது, பக்கமெல்லாம் ஒட்டிக்குது.

காற்றில் ஈரம் அதிகம், சென்னையில் பழகிய நேரக்கணக்கு அங்கே செல்லாது. தண்ணீரைக் குறைத்து, நிறத்தைக் கெட்டியாக எடுங்கள். ஒரு பக்கம் காயும்வரை கிளிப் போட்டுத் திறந்தே வைத்து, அடுத்ததைப் பென்சிலில் போடுங்கள். இரவு நோட்டை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரக் காகிதத்தை அப்படியே பையில் திணித்தால் பூசணப் புள்ளி வரும்.

ஜூன், ஜூலையில போக வேண்டியிருக்கு. மழையில என்ன வரையறது?

மழையைத்தான். ஜன்னலை மூடினாலும் பாலக்காட்டுக் கணவாயில் மேகம் மலையை எந்த உயரத்தில் வெட்டுகிறது என்று தெரியும். அந்த வெட்டை மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கோடாகப் போடுங்கள். பாலக்காட்டுப் பக்கம் கொட்டும் மழை கோயம்புத்தூர் பக்கம் தூறலாகிப் போவதைத் திரும்பி வரும்போது பார்க்கலாம். கலர் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும், பென்சில் போதும்.

இப்படிக் குறிப்பெல்லாம் எழுதினா அது அறிவியல் படம் ஆயிடாதா? நமக்கு வேண்டியது கலைதானே?

இந்தச் சந்தேகத்துக்குக் கொச்சியே பதில் வைத்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் கொச்சி ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலபாரின் செடிகொடிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் தொகுக்க வைத்தார். ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற உள்ளூர் வைத்தியர். 700-க்கும் மேற்பட்ட செடிகளின் அந்தப் படங்களை எடுத்துப் பாருங்கள். இலையின் திருப்பம், காயின் கனம், கொடி சுற்றும் விதம் எல்லாம் வரைகிறவரின் கையில் தீர்மானமானவை. தகவல் சரியாக இருந்ததால் அழகு குறைந்துவிடவில்லை.

நம் பக்கத்தில் மா. கிருஷ்ணன் இருந்தார் (1912–1996). சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர், தன் கட்டுரைகளுக்குத் தானே படம் வரைந்தவர். காகத்தையும் அணிலையும் அவர் பார்த்த அக்கறையோடு நாம் பார்த்தால் கலையா அறிவியலா என்ற கேள்வி எழாது என்று நம்புகிறேன்.

நல்லா வரையணும்னா கிட்ட போகத்தானே வேணும்? ஒரு பூவைப் பறிச்சு வெச்சு வரையலாமா?

கீழே விழுந்ததை எடுத்து வரையுங்கள். கொச்சித் தெருக்களில் விழுந்த பூவுக்கும் காய்க்கும் பஞ்சமில்லை. சரணாலயத்துக்குள் விழுந்ததையும் எடுக்க வேண்டாம். கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவையை நெருங்குவது, செல்போனில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பது இரண்டும் கூடாது. பறவை தலையை உயர்த்தி நம்மையே பார்க்க ஆரம்பித்தால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். பின்வாங்குங்கள். தூரத்திலிருந்தே பார்க்க, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் (8×) சின்ன பைனாகுலர் போதும், பையில் பெரிதாக இடம் பிடிக்காது.

கருத்தரங்கு நடக்கும்போதும் வரையலாமா? பேசறவரை அவமதிக்கற மாதிரி ஆயிடாதா?

பின்வரிசையில் உட்கார்ந்து பென்சிலில் போட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. ஆனால் இடைவேளையில் எல்லாரும் ஒருவரோடொருவர் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது அந்த ரயில் நோட்டைத் திறங்கள். விலாசம் சொல்லி அறிமுகமாவதைவிட, பாலக்காட்டில் ஓலை சாய்ந்த திசையைக் காட்டி அறிமுகமாவது நல்லது. அந்தப் பக்கத்துக்காரர் யாராவது இருந்தால் உங்கள் கட்டங்களில் விட்டுப்போனதைச் சொல்வார்கள்.

பாதியில நின்ன பக்கங்களை வீட்டுக்கு வந்து முடிச்சிடலாமா?

நோட்டுக்குள் முடிக்காதீர்கள். பெரிய ஓவியமாக்க ஆசை வந்தால் அந்தக் கோடுகளை வேறு தாளில் எடுத்து, அங்கே விருப்பம்போல் வேலை செய்யுங்கள். நோட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடையாளம் தெரியாமல் விட்ட பறவை, மரங்களின் பெயரைச் சரிபார்த்து, வேறு நிற மையில், அன்றைய தேதி போட்டு எழுதுங்கள். வழியில் கண்டது எது, வீட்டில் சேர்த்தது எது என்று எப்போது புரட்டினாலும் பிரிந்து தெரியும்.